ஆணி இல்லை... ஆனாலும் காற்று இறங்குது! வால்வைப் பார்த்தீங்களா?

செம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி இந்த வாரம் எழுதியிருக்கிறார். அவருடைய ஸ்கூட்டரின் பின் டயரில் மூன்று நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கிவிடுகிறதாம். இரண்டு பஞ்சர் கடைகளில் காட்டியாகிவிட்டது. ஆணியும் இல்லை, கண்ணாடித் துண்டும் இல்லை. ஒரு கடையில், 'டயரையே மாத்திடுங்கம்மா' என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலோ வேறு சந்தேகம். வண்டி நிற்பது அபார்ட்மென்ட்டின் பொது பார்க்கிங்கில். மாடி வீட்டுப் பையன்தான் விளையாட்டாகக் காற்றைப் பிடுங்கிவிடுகிறான் என்று கணவர் நினைக்கிறார். இவரும் அந்தப் பையனின் அம்மாவும் பேசிப் பத்து நாள் ஆகிறது. 'டயரை மாத்தணுமா, இல்ல கேமரா வைக்கணுமா?' என்பதுதான் அவருடைய கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் மேடம். முதலில் ஒரு டம்ளரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்துகொண்டு பார்க்கிங்குக்குப் போங்கள். காற்று அடிக்கும் வாய் இருக்கிறதே, அந்த வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு, அதன் வாயில் இரண்டு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் திருடன் கிடைத்துவிட்டான். அவன் மாடி வீட்டில் இல்லை, உங்கள் சக்கரத்திலேயே இருக்கிறான்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் வசிக்கிறவர்களுக்கு டூவீலர் என்பது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. பிள்ளையை ஸ்கூலில் விட, ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ரயில் பிடிக்க, மெப்ஸ் ஷிஃப்ட்டுக்குப் போக, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் அப்பாவை இறக்கிவிட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் காற்று இறங்கினால் அன்றைய நாளே இறங்கிவிடும். ஆனாலும் டயரைப் பார்க்கும் அளவுக்கு நாம் வால்வைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வாரம் முழுக்க வால்வு புராணம்.

எல்லாப் பழியும் ஆணி மேல்

காற்று இறங்கியதும் நம் மனசில் வருவது ஆணிதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு கட்டும் வேலை நடக்காத தெரு நம் பக்கம் அபூர்வம். கம்பித் துண்டு, ஸ்க்ரூ, சென்ட்ரிங் ஆணி எல்லாம் சாலையோரத்தில் சாதாரணமாகக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு இன்ஜினீயர், ஆபீஸ் போகும் வழியில் காந்தத்தைக் கட்டி இழுத்துக் கிலோ கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். வேண்டுமென்றே போட்ட ஆணிகள் என்ற சந்தேகம் அங்கே பலமாக எழுந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு, எந்த ஊரிலும் பஞ்சர் ஆனவுடன் பக்கத்திலிருக்கும் பஞ்சர் கடைக்காரரை ஒரு மாதிரியாகப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஆனால், ஒரு டயரிலிருந்து காற்று வெளியேற வழிகள் பல. ஒன்று, தரையில் படும் பகுதி. ஆணி ஏறுவது இங்கேதான். இரண்டு, டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டும் இடம். மூன்று, வால்வுக்குள் இருக்கும் பின். நான்கு, வால்வின் அடிப்பகுதி. ஆணி இல்லை என்று கடைக்காரர் சொன்னால், நான்கில் ஒன்றுதான் கழிந்திருக்கிறது. மிச்சம் மூன்றையும் பார்க்காமல் டயரை மாற்றினாலும் காற்று இறங்கும், சிசிடிவி வைத்தாலும் இறங்கும்.

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் ஒரு துப்பு. மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ குறைவது சகஜம். ரப்பர் வழியாகவே காற்று மெள்ளக் கசியும். மூன்று நாள், ஒரு வாரம் என்று இறங்கினால் வால்வு பின், வால்வில் மெல்லிய வெடிப்பு, ரிம் ஓரக் கசிவு, இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத சின்ன கம்பி. ராத்திரி நிறுத்தி காலையில் எடுக்கும்போது தரையோடு தரையாக இருந்தால் கசிவு பெரிது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் இறங்கினால் பெரிய கிழிசல், அல்லது வால்வு அடியோடு பிய்ந்திருக்கிறது. ஸ்கூட்டர் சக்கரம் சின்னது, அதற்குள் இருக்கும் காற்றும் குறைவு. அதனால் பைக்கைவிட ஸ்கூட்டரில் சின்னக் கசிவுகூடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

130 வருடமாக மாறாத ஒரு பின்

சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு 'வால்டியூப்' ஞாபகம் இருக்கும். ஒரு உலோகக் குச்சி, அதன் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். அது கிழிந்தால் சைக்கிளில் காற்று நிற்காது. கடையில் துண்டாக வெட்டித் தருவார்கள். அது டன்லப் வகை வால்வு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்தப் பெயர்தான் வால்வுக்கும் ஒட்டிக்கொண்டது.

பைக், ஸ்கூட்டர், கார் எல்லாவற்றிலும் இருப்பது வேறு வகை. ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஆகஸ்ட் ஷ்ரேடர் பெயரில் 1893-ல் காப்புரிமை பெற்ற வால்வு அது. வெளியே ஒரு குழாய். அதற்குள் திருகி இறக்கிய ஒரு பின். அந்தப் பின்னில் ஒரு ஸ்பிரிங், ஒரு துளி ரப்பர் சீல். காற்று அடிக்கும் நாசில் பின்னை அழுத்தும்போது வாய் திறக்கும். எடுத்ததும் ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து வாயை மூடிவிடும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். உங்கள் ஸ்கூட்டரில் இருக்கும் பின்னைக் கழற்றி ஒரு காரில் போட்டாலும் பொருந்தும். வீட்டு ஏசிக்கு கேஸ் நிரப்பும் இடத்திலும் இதே வகைப் பின்தான், சீல் மட்டும் வேறு.

இவ்வளவு எளிமையான பொருள் ஏன் கெடுகிறது? மூன்று காரணங்கள். முதலாவது தூசு. மூடி இல்லாத வால்வின் வாயில் மண் சேரும். அடுத்த முறை காற்று அடிக்கும்போது அந்த மண் சீல் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணல் துகள் போதும், சீல் முழுதாக மூடாது. இரண்டாவது, பின் சரியாக இறுகாமல் இருப்பது. குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்து அதிர்ந்து அது தளரும். மூன்றாவது, வயசு. ரப்பர் சீல் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து இறுகிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து ரொம்ப மலிவு. தூசுக்கு மூடி. தளர்வுக்கு 'வால்வு கீ' என்ற சின்ன சாவியால் வலப்பக்கம் லேசாக ஒரு திருகு. ரொம்ப முறுக்கினால் சீல் நசுங்கிவிடும், விரல் பலம் போதும். வயசுக்குப் புதுப் பின், டீ காசில் முடிந்துவிடும். பின்னைக் கழற்றும்போது மட்டும் முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே காற்று இருந்தால் புல்லட் மாதிரி தெறிக்கும்.

டியூப்லெஸ் வண்டியா? வால்வின் அடியைப் பாருங்கள்

இப்போது வரும் பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர், அலாய் வீல். இதில் வால்வு டியூபோடு ஒட்டியிருக்காது. ரிம்மில் ஒரு துளை போட்டு, அதில் ரப்பர் வால்வை உள்ளேயிருந்து இழுத்து மாட்டியிருப்பார்கள். அந்த ரப்பரின் இறுக்கம் மட்டும்தான் மொத்தக் காற்றையும் தாங்குகிறது.

ரப்பருக்கு இரண்டு எதிரிகள். வெயிலும் ஓசோனும். ஓசோன் என்றதும் வானத்தில் மேலே இருப்பதை நினைக்காதீர்கள். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் தரை மட்டத்திலும் அது உருவாகும். நம் ஜிஎஸ்டி சாலையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வளைந்தோ இழுபட்டோ இருக்கும் ரப்பரில் ஓசோன் முடி போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். வால்வின் அடி எப்போதும் இழுபட்டே இருக்கும் இடம்.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் டில் ஏர் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், தான் விற்ற லட்சக்கணக்கான ரப்பர் வால்வுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சீனாவின் ஷாங்காயில் 2006-ல் தயாரான கார் வால்வுகள் அவை. ஓசோனால் ரப்பரில் வெடிப்பு விழுந்து, மெள்ளக் காற்று கசிவதுதான் புகார். மெள்ளக் காற்று கசியும் டயர் ஓட ஓடச் சூடேறிப் பழுதாகி, விபத்தில் கொண்டுபோய் விடலாம் என்பதுதான் அங்கே கவலை. காசு கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத பொருள். அதற்காக ஒரு நாடே வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தது.

நம் ஸ்கூட்டர்களில் கூடுதலாக ஒரு தொல்லை. பின் சக்கரத்தில் ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் சைலன்சர். நடுவில் கையை நுழைத்துக் காற்று அடிக்க வேண்டும். நாசில் நேராகப் பிடிக்காததால், ஒவ்வொரு முறையும் வால்வை வளைத்து இழுத்துத்தான் மாட்டுவார்கள். வருடத்துக்கு 20, 30 முறை இப்படி வளைந்தால் அந்த ரப்பரின் கதி என்ன? வளைந்த வாயுள்ள உலோக வால்வைப் போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்னை தீரும். ரிம்மின் துளை அளவு வண்டிக்கு வண்டி மாறும். அதனால் மாடலைச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் டயர் பிரஷர் சென்சார்கள். ஆன்லைனில் பலர் வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் 17 இன்ச் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் சுழலும்போது, வால்வு இருக்கும் இடத்தில் 10 கிராம் எடை ஏறத்தாழ அரைக் கிலோவுக்கு மேல் இருப்பதுபோல் இழுக்கும். வளைந்த ரப்பர் வால்வின் நுனியில் இப்படி ஒரு பாரம் தொங்குவது நல்லதில்லை. சென்சார் வேண்டுமென்றால் உலோக வால்வில் போடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம்: புது டயர் போடும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நாம் டயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், பிராண்ட் பார்ப்போம், பேரம் பேசுவோம். நாலைந்து வருடம் வெயிலில் காய்ந்த பழைய வால்வு அப்படியே இருக்கும். டயரைக் கழற்றிய நேரத்தில் வால்வை மாற்ற இரண்டு நிமிடம். பிறகு வால்வுக்காக மட்டும் டயரைக் கழற்றினால் கூலி இரண்டாம் முறை.

டியூப் வண்டியா? வால்வு நேராக நிற்கிறதா?

ஸ்போக் வீல் பைக்குகள், பழைய ஸ்கூட்டர்கள், மொபெட்டுகள் பெரும்பாலும் டியூப் வண்டிகள். இங்கே வால்வு டியூபோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். வால்வு ரிம்முக்குச் செங்குத்தாக, சக்கரத்தின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் உஷார்.

சாய்வதற்குக் காரணம், டயரில் காற்று குறைவாக இருப்பது. காற்று குறைந்த டயர் ரிம்மை இறுகப் பிடிக்காது. பிரேக் அடிக்கும்போதெல்லாம் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டயரோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் வால்வு அடியோடு பிய்ந்துகொள்ளும். இதற்கு ஒட்டுப் போட முடியாது, புது டியூப்தான். முதலிலேயே காற்றை இறக்கி, டயரையும் டியூபையும் திருப்பி வால்வை நேராக்கியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

வால்வில் ஒரு நட்டு இருக்குமே, அதைப் பலர் ரிம்மோடு இறுக்கி முடுக்கிவிடுவார்கள். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் அது வால்வை அசைய விடாமல் பிடித்து, டியூப் நகரும்போது சீக்கிரம் கிழிய வைக்கும். அனுபவசாலி மெக்கானிக்குகள் அந்த நட்டை மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து வைப்பார்கள். அப்படி வைத்தால், வால்வு சாய ஆரம்பிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய வண்டிகளை நினைத்துப்பாருங்கள். இன்றும் மழைக்காலத்தில் பல தெருக்களில் சக்கரம் முழுகும் தண்ணீரில்தான் வண்டி நிற்கிறது. இரும்பு ரிம்மின் உள்பக்கம் துருப்பிடித்தால் அந்தத் துரு டியூபை அரித்துக்கொண்டே இருக்கும். டியூப் மாற்றும்போது ரிம்மின் உள்பக்கத்தையும், ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டையையும் கேட்டுப் பாருங்கள். அலாய் ரிம்மாக இருந்தால், டயர் ஒட்டும் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு இருக்கும். அதைச் சுத்தம் செய்தால்தான் ரிம் ஓரக் கசிவு நிற்கும்.

வீட்டிலேயே செய்யும் சோப்புத் தண்ணீர் சோதனை

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரில் சரியான அளவு காற்று இருக்கட்டும். காற்று இல்லாத டயரில் குமிழி வராது.

2. வால்வு மூடியைக் கழற்றி வாயில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நுரை உப்பிக்கொண்டே வந்தால் பின்னில் கசிவு. பல பஞ்சர் கடைக்காரர்கள் விரலில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

3. அடுத்து வால்வின் அடி. அங்கே தண்ணீர் விட்டு, வால்வை விரலால் நாலு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது கசியாமல், வளைக்கும்போது மட்டும் குமிழி வந்தால் ரப்பரில் வெடிப்பு விழுந்திருக்கிறது. இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவார்கள்.

4. பிறகு ரிம் ஓரம், இரண்டு பக்கமும் ஒரு சுற்று. கடைசியாக டயரின் மேற்பரப்பு.

டியூப் வண்டிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. டியூபில் எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியே வருவது வால்வு துளை வழியாகவோ ஸ்போக் ஓரமாகவோதான். அதனால் வால்வு அடியில் குமிழி வந்தாலே வால்வுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டியூபை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால்தான் உண்மை தெரியும். ஆனால் வால்வின் வாயில் குமிழி வந்தால் அது பின் கசிவு. அதில் சந்தேகம் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியது

ஒரு பஞ்சர் கடைக்காரரின் நாளை நினைத்துப்பாருங்கள். சாலையோரத் தூசு, கம்ப்ரஸர் சத்தம், வரிசையில் நிற்கும் வண்டிகள், எல்லோருக்கும் அவசரம். 'பஞ்சர் பாருங்கண்ணே' என்றால் அவர் பஞ்சரைத்தான் பார்ப்பார். அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 'மூணு நாளைக்கு ஒருதடவை இறங்குதுண்ணே. ஆணி இல்ல. வால்வு பின்னையும் வால்வு அடியையும் தண்ணி விட்டுப் பாருங்க' என்று சொன்னால் அவர் வேலை பாதியாகிவிடும். எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது என்ற தகவல் அவருக்கு எக்ஸ்ரே மாதிரி.

கசிவு எங்கே என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணம் செலவழியுங்கள். குமிழியைக் காட்டாமல் 'டியூப் போச்சு', 'டயர் போச்சு' என்றால், மரியாதையாக இன்னொரு கடையில் காட்டிவிட்டு வருவதில் தப்பில்லை. அதேபோல, டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றும்போது அவர் மேல் தெறிக்கும். அந்தத் திரவம் சின்ன ஆணி ஓட்டையை நன்றாக அடைக்கும். ஆனால் வால்வுக் கசிவுக்கு அது மருந்தில்லை. உலர்ந்தால் பின்னையே அடைத்துக்கொண்டு, காற்று ஏறாமல் செய்துவிடும்.

காற்று எவ்வளவு, எப்போது?

உங்கள் வண்டிக்கு எத்தனை பிஎஸ்ஐ என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலும், பெரும்பாலும் வண்டியிலேயே ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். தனியாகப் போனால் ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கொஞ்சம் அதிகம். பிள்ளை, ஸ்கூல் பை, காய்கறிக் கூடை என்று ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாகும் முன் பார்ப்பதுதான் சரியான அளவு. டயர் 20 டிகிரி சூடேறினால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 2, 3 பிஎஸ்ஐ கூடிவிடும். மத்தியான வெயிலில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஓட்டி வந்து கேஜ் வைத்தால், குறைவாக இருக்கும் காற்றுகூடச் சரியாக இருப்பதுபோல் காட்டும். பெட்ரோல் பங்க்குகளில் காற்று அடிப்பது இலவச சேவை. அதைக் கொடுக்க வேண்டியது பங்க்குகளின் கடமை. கூச்சப்படாமல் கேளுங்கள். அடித்து முடித்ததும் மூடியைத் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். பாதி மூடிகள் காணாமல்போவது அங்கேதான்.

நடுவழியில் இறங்கினால்...

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூவீலரில் போனவர்கள் மட்டும் 74,897 பேர். எல்லாமே டயரால் நடந்தவை இல்லை. ஆனால் இரண்டே சக்கரத்தில் போகிறவருக்கு ஒன்றில் காற்று போனால் தாங்கிப்பிடிக்க மிச்சம் ஒன்றுதான்.

ஓடும்போது பின் டயரில் காற்று இறங்கினால் வண்டியின் வால் இடமும் வலமும் ஆடும். முன் டயர் என்றால் ஹேண்டில் கனத்துத் திரும்ப மறுக்கும். பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஹேண்டிலை உறுதியாக, நேராகப் பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெள்ளக் குறையுங்கள். பிரேக் தேவைப்பட்டால் காற்று இருக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும் மாடல் என்றால், பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகக் குறைய விடுவதே நல்லது.

டியூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பான். காற்று அடித்துக்கொண்டு பக்கத்துக் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். டியூப் டயர் என்றால் மேலே உட்கார்ந்து ஓட்டவே கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டினால் வால்வு பிய்ந்து, டியூப் நார்நாராகிவிடும். 'கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டியவர்கள்தான் டயருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் எங்கே நின்றால் கடை கிடைக்காது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலை, வண்டலூர் உயிரியல் பூங்கா சுற்றுச்சுவரை ஒட்டிய கேளம்பாக்கம் சாலை, மதுரவாயல் பைபாஸ், வண்டலூரில் தொடங்கும் அவுட்டர் ரிங் ரோடு. இந்த வழிகளில் இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், கிளம்பும் முன் டயரை ஒரு முறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அதிலேயே பாதி பயம் போய்விடும். அப்படியும் நின்றுவிட்டால் வெளிச்சமுள்ள இடம் வரை தள்ளிக்கொண்டு போய் நில்லுங்கள். வண்டிக்கும் ஓடும் போக்குவரத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். வீட்டுக்கு லொகேஷனை அனுப்புங்கள். அவசர உதவிக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை

அதில் இருக்க வேண்டியவை: ஒரு வால்வு கீ, இரண்டு புதுப் பின்கள், இரண்டு மூடிகள், ஒரு சின்ன பிரஷர் கேஜ். டியூப்லெஸ் என்றால் ஒரு பஞ்சர் கிட், முடிந்தால் ஒரு சின்ன பம்ப். முதல் மூன்றும் சேர்ந்து ஒரு பிளேட் பிரியாணி விலைகூட வராது. மூடி வாங்கும்போது உள்ளே சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாஷர்தான் பின் கசிந்தாலும் காற்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் இரண்டாவது கதவு.

ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர், 1946-ல் திருவொற்றியூரில் பலூன் கம்பெனியாகத் தொடங்கி வளர்ந்த எம்ஆர்எஃப் என்று டயர் உலகமே நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது. நல்ல டயர் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதற்குள் காற்றை நிறுத்தி வைப்பது மட்டும் நம் பொறுப்பு. மாதம் முதல் ஞாயிறு கேஸ் சிலிண்டர் டியூபைப் பார்க்கிற கையோடு, வீட்டில் இருக்கும் எல்லா வண்டி வால்வுக்கும் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் குமிழி பார்க்க அவர்களே ஓடி வருவார்கள். மாடி வீட்டுப் பையனையும் சேர்த்துக் கூப்பிடலாம்.

அடுத்த வாரம்: மழைக்காலம் வருவதற்குள் பிரேக்கில் பார்க்க வேண்டியவை. உங்கள் வண்டி பிரச்னைகளை மாடல், வருடத்தோடு எழுதி அனுப்புங்கள்.